சேர்த்தெழுதிய அனர்த்தம்

கலிபோர்னியா மாகாணத்தில், சாக்ரமெண்டோ நகருக்கு மேற்கே, பழத்தோட்டங்களும் அக்ரூட் தோப்புகளும் சூழ்ந்த வின்டர்ஸ் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. 1884-ஆம் வருஷம் அந்த ஊரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கியவர்கள், ஊரின் பெயரை முன்னே வைத்து, அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்குப் பிரியமான 'எக்ஸ்பிரஸ்' என்னும் சொல்லைப் பின்னே வைத்து, 'வின்டர்ஸ் எக்ஸ்பிரஸ்' என்று அதற்கு நாமகரணம் செய்தார்கள். கல்யாணம், மரணம், நகரசபைக் கூட்டம், பள்ளிக்கூடத்துப் பந்தயம் என்று ஊர்ச் செய்திகளைச் சொல்லிக்கொண்டு, நூறு வருஷத்துக்கு மேல் தன் பெயருக்கு யாதொரு அபவாதமும் இல்லாமல் நடந்துவந்த அந்தப் பத்திரிகைக்கும் ஓர் இணையதளம் வேண்டும் என்ற காலம் வந்தது. இணைய முகவரியில் இடைவெளி விட வழியில்லை. ஆகவே இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதிப் பின்னால் 'டாட் காம்' என்பதையும் ஒட்டவைத்தார்கள். ஊர்ப் பெயரின் கடைசியில் சாதுவாக உட்கார்ந்திருந்த 'எஸ்' என்னும் எழுத்து, நடுச்சுவர் இடிந்த வீட்டில் குடியிருப்பவனைப் போல, அடுத்த வீட்டுக்குள் போய் நின்றுகொண்டது. ஆங்கிலம் அறிந்த அயலூரான் ஒருவன் அந்த முகவரியை முதல்முறை பார்க்கும்போது, வின்டர் என்று ஒரு சொல்லும், செக்ஸ் என்று ஒரு சொல்லும், பிரஸ் என்று ஒரு சொல்லுமாக மூன்று சொற்களைப் படித்துவிட்டு, குளிர்காலத்துக்கென்று இப்படியும் ஓர் அச்சுக்கூடம் நடத்துகிறார்களா என்று திகைப்பான்.

எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, வரிசை மாறவில்லை, புதிதாக ஒன்றும் சேரவும் இல்லை. எடுத்ததெல்லாம் எழுத்தே அல்லாத ஒரு வெற்றிடத்தைத்தான். அந்த வெற்றிடத்தின் மகிமையைப் பற்றிச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். குடும்பத்தார் அனைவரும் கையில் எடுக்கும் வாரப் பத்திரிகை இது என்பதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் ஆசாரக் குறைவானவையாகவே இருக்கின்றன. அது என் குற்றமன்று. ஆங்கில பாஷையில் அசப்பியச் சொற்களெல்லாம் மூன்றெழுத்தும் நான்கெழுத்துமாகக் குறுகிக் கிடப்பதால், எந்தக் கண்ணியமான சொற்றொடரின் இடுக்கிலும் அவை புகுந்து ஒளிந்துகொள்ள முடிகிறது. சுவர் நிற்கும் வரையில் அவை வெளியே தெரிவதில்லை. சுவரை எடுத்தவுடன் எட்டிப் பார்க்கின்றன.

இந்த வகையில் உலகப் பிரசித்தி பெற்றது 1996-இல் தோன்றிய 'எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்னும் ஸ்தாபனம். கணிப்பொறியில் சிக்கல் ஏற்பட்டவர்கள் தங்கள் சந்தேகத்தைக் கேட்பதும், விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு விடை சொல்வதுமாக, நிபுணர்களின் பரிவர்த்தனை என்ற பொருளில் அதற்கு மிகவும் பொருத்தமாகவே பெயர் வைத்தார்கள். சேர்த்து எழுதியபோது அதே 'எஸ்' அதே காரியத்தைச் செய்தது. நிபுணர்களின் பன்மை விகுதி கழன்று அடுத்த சொல்லோடு போய் ஒட்டிக்கொள்ள, அந்த முகவரி 'எக்ஸ்பர்ட் செக்ஸ் சேஞ்ச்' என்று, அதாவது பால் மாற்றும் சிகிச்சையில் கைதேர்ந்தவர்கள் நடத்தும் வைத்தியசாலையின் விளம்பரமாகப் படிக்கத்தக்கதாயிற்று. கணிப்பொறிக்காரர்கள் கூடும் இடமாகையால் பரிகாசத்துக்குக் குறைவிருந்திராது. கடைசியில் இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு சிறு இடைக்கோட்டைப் போட்டு, 'எஸ்' என்னும் எழுத்தை அதன் சொந்த வீட்டில் அடைத்துவைத்தார்கள். பெயரைக் காப்பாற்றியது அந்த ஒரு கோடுதான்.

இத்தாலி தேசத்தில் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவிகளைச் செய்துவந்த கம்பெனி ஒன்றின் பெயர் பவர்ஜென் இட்டாலியா. இதைப் பிரித்துச் சொன்னால் எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம். சேர்த்து எழுதினாலோ, பின்பாதி 'ஜெனிட்டாலியா' என்று ஜனனேந்திரியத்தைக் குறிக்கும் வைத்திய சாஸ்திரச் சொல்லாகிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் மின்சாரம் வழங்கிவந்த பவர்ஜென் என்னும் பெரிய கம்பெனி, அது தன் கிளை அன்று, தனக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. எங்கோ ஒருவர் முகவரியில் இடம் விட முடியாமல் போனதற்கு, பெயரளவில் ஒற்றுமை கொண்ட குற்றத்துக்காக வேறொருவர் சமாதானம் சொல்ல நேர்ந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பரிதாபமாகத் தோன்றுவது ஆஸ்திரேலியாவில் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் வடபகுதியில், டென்டர்ஃபீல்டு என்னும் ஊருக்கு அருகே, அந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை வளர்த்து விற்கும் நாற்றங்கால் ஒன்று இருந்தது. விஸ்தாரமான கால்நடைப் பண்ணைக்கு அந்நாட்டில் ஸ்டேஷன் என்று பெயர். அங்கே ஓடும் ஆற்றுக்கு மோல் என்று பெயர். இரண்டும் சேர்ந்து மோல் ஸ்டேஷன்; நாற்றங்காலுக்கு ஆங்கிலத்தில் நர்சரி. ஊராருக்கு இதில் என்ன விகற்பம் தோன்றும்? ஒன்றும் தோன்றாது. ஆனால் இடைவெளியை நீக்கியதும் மோலும் ஸ்டேஷனும் கலந்து 'மொலெஸ்டேஷன்' ஆகி, மானபங்கம் என்ற பொருளைத் தந்தன. அதோடும் நிற்கவில்லை, நர்சரி என்னும் சொல் செடி வளர்க்கும் இடத்துக்கும் உண்டு, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும் உண்டு. முன்சொல் விபரீதமானவுடன் பின்சொல்லும் தன் இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டுமாகச் சேர்ந்து, படிப்பவர் மனத்தில் சிரிப்புக்குப் பதிலாக அருவருப்பையே உண்டாக்கிவிட்டன. செடி விற்கிறவர் என்ன செய்வார்? பிற்பாடு ஆற்றின் பெயரோடு ஆறு என்ற சொல்லையே சேர்த்து, மோல் ரிவர் என்று முகவரியை மாற்றிக்கொண்டார்கள்.

மனநல ஆலோசகரைத் தேடித் தரும் தளங்களுக்கு நேர்ந்த கதியும் இத்தகையதே. தெரபிஸ்ட் என்னும் ஒரே சொல்லுக்குள், 'தி' என்னும் சுட்டும் 'ரேப்பிஸ்ட்' என்னும் சொல்லும் எழுத்து மாறாமல் அடங்கியிருக்கின்றன. ஆலோசகரைத் தேடுகிறவர்களுக்கான முகவரி, பலாத்காரம் புரியும் பாதகனைத் தேடித் தருவதாகப் படிக்கப்பட்டது. இங்கே சொற்கள் சேர்ந்ததனால் மட்டும் வந்த வினை இல்லை. சொல்லின் உள்ளேயே வினை இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் நடிகர்கள் இதே மயக்கத்தை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சியே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் சொல் தனியே நிற்கும்போது கண் அதை முழுதாகத்தான் பார்க்கும். வேறொரு சொல்லோடு ஒட்டவைத்து, 'இதை நீயே பிரித்துக்கொள்' என்று கண்ணுக்கு வேலை கொடுத்த பிறகுதான் அது தப்பான இடத்திலும் வெட்டிப் பார்க்கிறது. பிரபல நடிகர்களுக்கு யார் யார் முகவர்கள் என்று சொல்லும் 'ஹூ ரெப்ரசென்ட்ஸ்' என்னும் தளமும் இவ்வாறே, கணிகை ஒருத்தி வழங்கும் காட்சி என்று பொருள்படுமாறு வெட்டுப்பட்டது.

பேனா விற்பதாகச் சொல்லி, பேனாத் தீவு என்று பொருள்படும் ஒரு பெயரோடு விளங்கும் தளம் ஒன்றையும் இந்த வரிசையில் எல்லோரும் சேர்ப்பது வழக்கம். அதன் மற்றொரு வாசிப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாமல் நேர்ந்தது அன்று, வேண்டுமென்றே செய்த குறும்பு என்பது என் அபிப்பிராயம். ஆகையால் நிரபராதிகளின் கூட்டத்தில் அதைச் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. இப்படிப்பட்ட முகவரிகளையெல்லாம் தேடித் தேடிச் சேகரித்த ஆண்டி கெல்ட்மன் என்பவர், இந்த இனத்துக்கு 'ஸ்லர்ல்' என்று தனிப் பெயரே சூட்டி, அந்தப் பெயரில் ஒரு புத்தகமும் வெளியிட்டிருக்கிறார்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. மீண்டும் மீண்டும் குற்றவாளியாக வந்து நிற்பது ஒரே எழுத்துத்தான்: 'எஸ்'. ஆங்கிலத்தில் பன்மைக்கு அது வரும். உடைமைக்கு அது வரும். வினைமுற்றுக்கும் அது வரும். சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் விகுதியாக இருக்கும்போதே, எண்ணிறந்த சொற்களின் முதலெழுத்தாகவும் அதுவே இருக்கிறது. முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம் என்று இரண்டு பக்கமும் உறவு கொண்டாடும் எழுத்தை நடுவில் வைத்து வேலியை எடுத்துவிட்டால், அது எந்தப் பக்கம் சாயும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? ஸ்பெயின் தேசத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பிரயாணிகளை அழைத்த 'சூஸ் ஸ்பெயின்' என்னும் முகவரியில், ஸ்பெயினின் முதல் 'எஸ்' முன்சொல்லோடு போய்விட்டது. மிஞ்சியது 'பெயின்', அதாவது வலி. உல்லாசப் பிரயாணத்துக்கு அழைத்தவர்கள் வேதனையைத் தேர்ந்துகொள்பவனைப் பற்றிப் பேசுவதாக ஆயிற்று. வின்டர்ஸ் ஊரில் 'எஸ்' பின்னோக்கிப் போயிற்று, ஸ்பெயினில் முன்னோக்கி வந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

சரி, இடைவெளி ஏன் கூடாது? இந்தக் கேள்விக்கு விடை தேட, இணையம் என்ற பெயரே பொதுஜனங்களுக்குத் தெரியாத காலத்துக்குப் போகவேண்டும். அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் ஆதரவில் சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் இணைத்த ஆர்ப்பாநெட் என்னும் வலை இருந்தது. அதில் சேர்ந்த கணிப்பொறிகளின் பெயர்களையெல்லாம் ஒரே பட்டியலாக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்தார்கள். எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அந்தப் பட்டியலைப் பராமரித்தார்கள். கணிப்பொறிகள் பெருகப் பெருக ஒரே பட்டியலால் தாங்க முடியாமற்போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களைப் பலரும் பகுத்து நிர்வகிக்கும் முறையை வகுத்தார். இன்று நாம் டொமைன் பெயர் என்று சொல்வது அந்த முறையிலிருந்து வந்ததுதான். எழுத்து, எண், இடைக்கோடு இவை மட்டுமே பெயரில் வரலாம். இடைக்கோடு முதலிலும் கடைசியிலும் நிற்கலாகாது. புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்துக்கு மேல் போகலாகாது. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதமில்லை என்று விதிகள் ஏற்பட்டன. இயந்திரத்துக்கு இடும் கட்டளையில் இடைவெளி என்பது ஒரு சொல் முடிந்ததற்கு அறிகுறி. பெயரின் நடுவே இடைவெளி இருந்தால், இயந்திரம் அதை இரண்டு பெயர் என்றே கொள்ளும். ஆகவே இடைவெளி விலக்கப்பட்டது.

அந்த விதிகளைச் செய்தவர்கள்மேல் நான் குறை சொல்லமாட்டேன். ஆராய்ச்சிக் கூடத்தின் உள்ளறையில் நிற்கும் ஓர் இயந்திரத்துக்கு அடையாளம் வைக்கத்தான் அவர்கள் முற்பட்டார்களேயன்றி, செடிக்கடைக்கும் பாட்டரிக் கம்பெனிக்கும் பெயர்ப்பலகை எழுத முற்படவில்லை. 'டாட் காம்' என்று முடியும் முதல் பெயர் 1985 மார்ச் 15-ஆம் தேதி சிம்பாலிக்ஸ் என்னும் கணிப்பொறிக் கம்பெனிக்குப் பதிவாயிற்று. ஒரே சொல், வெட்டுவதற்கு இடமே இல்லை. பத்து வருஷம் கழித்து, 1995-இல், பெயர்ப் பதிவுக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிய காலத்தில், வியாபார உலகம் முழுவதும் அந்த வாசலில் வந்து நின்றது. அழகான ஒற்றைச் சொற்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட, பின்னால் வந்தவர்கள் இரண்டு சொல்லையும் மூன்று சொல்லையும் சேர்த்துப் பெயர் கட்டவேண்டியதாயிற்று.

இடைக்கோடு போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், விதியில் தடையில்லை. ஆனால் தொலைபேசியில் முகவரி சொல்லும்போது, 'நடுவிலே ஒரு கோடு, கீழ்க்கோடு இல்லை, நடுக்கோடு' என்று விளக்கிக்கொண்டிருக்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது. தவிரவும், கோடில்லாத அதே பெயரை வேறொருவன் வாங்கிவைத்துக்கொண்டால், நம் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அவன் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு. பெரிய எழுத்தால் பிரித்துக் காட்டலாம் என்றால், முகவரிப் பெட்டியில் எப்படி எழுதினாலும் சிறிய எழுத்தாகவே மாற்றிக் காட்டும் குணம் இணைய உலாவிகளுக்கு உண்டு. விளம்பரப் பலகையில் பெரிய எழுத்துப் போட்டுக் காப்பாற்றிய மானம், கணிப்பொறித் திரையில் போய்விடுகிறது.

இடைவெளி என்பதை நாம் எழுத்தோடு கூடப்பிறந்த ஒன்றென்று நினைக்கிறோம். உண்மை அப்படியன்று. பழைய ரோமானியர்கள் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் ஒரு புள்ளி இட்டார்கள். பிற்பாடு கிரேக்கர்களைப் பின்பற்றி அதையும் விட்டுவிட்டு, பக்கம் பக்கமாகச் சேர்த்தே எழுதினார்கள். படித்தவன் தன் தாய்மொழியை வாய்விட்டுப் படித்தான். வாயும் செவியும் பிரித்துக்கொள்ளும்போது கண்ணுக்கு என்ன கஷ்டம்? அந்த வழக்கத்தை மாற்றியவர்கள் ரோமானியர்கள் அல்லர். லத்தீன் தாய்மொழியாக அமையாத ஐரிஷ் துறவிகள். தங்கள் நாட்டு பாஷைக்கும் லத்தீனுக்கும் வெகுதூரமாகையால், எங்கே ஒரு சொல் முடிகிறது என்று செவியைக் கொண்டு அறியமுடியாமல் தவித்த அவர்கள், 7-ஆம், 8-ஆம் நூற்றாண்டுகளில் சொற்களுக்கு நடுவே இடம் விட்டுப் பிரதி செய்யலானார்கள். அது ஐரோப்பா முழுவதும் பரவ இன்னும் சில நூற்றாண்டுகள் பிடித்தன. பால் சேங்கர் என்னும் அறிஞர் 1997-இல் வெளியிட்ட ஒரு பெரிய நூல் முழுவதும் இந்தச் சரித்திரமே.

அந்நியனுக்காகத்தான் இடைவெளி பிறந்தது என்பதை யோசித்துப் பார்த்தால், நம் காலத்து முகவரிகளின் விபத்துக்கும் காரணம் விளங்கிவிடும். பெயர் வைத்தவன் அந்தப் பெயரைப் பார்ப்பதே இல்லை; கேட்கிறான். 'வின்டர்ஸ் எக்ஸ்பிரஸ்' என்று நூறு வருஷமாகச் சொல்லிப் பழகிய நாவுக்கும் செவிக்கும், நடுவில் இருக்கும் நிறுத்தம் எழுதாமலே புரியும். ஆனால் முகவரியை முதல்முறை பார்ப்பவனுக்கு அந்தப் பெயர் ஓர் அந்நிய பாஷை. அவன் கண்ணுக்குத் தெரிவது எழுத்து வரிசை ஒன்றுதான். கூடியிருந்து பெயரைத் தேர்ந்தெடுத்த பத்துப் பேரும் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று வெளியே இருப்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். பத்துப் பேரும் அதைக் காதால் அறிந்தவர்கள்; அதுதான் காரணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. நம் ஏட்டுச்சுவடிகளில் இடைவெளியும் இல்லை; பல சுவடிகளில் புள்ளியும் இல்லை; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ பேதமும் இல்லை. எழுத்தால் ஒன்றாகத் தோன்றும் தொடர்கள் இரண்டு விதமாகப் பொருள்படும் என்பதைத் தொல்காப்பியரே ஒரு சூத்திரத்தில் பேசுகிறார். அதற்கு உரை வகுத்தவர்கள் காட்டும் உதாரணம் 'செம்பொன்பதின்றொடி' என்பது. செம்பொன் பத்துத் தொடி என்று பிரித்தால் தங்கம். செம்பு ஒன்பது தொடி என்று பிரித்தால் தாமிரம், அதுவும் ஒரு தொடி குறைவு. கடன் பத்திரத்தில் இப்படி எழுதியிருந்தால் வழக்கு எத்தனை தலைமுறைக்கு நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! 'குன்றேறாமா' என்பது மற்றொன்று. குன்றில் ஏறும் ஆமா என்று காட்டுப்பசுவையும் குறிக்கும். குன்றில் ஏறாத விலங்கு என்று நேர் எதிராகவும் பொருள்படும். இவை ஒலிக்கும் முறையால் வேறுபடும் என்று அந்தச் சூத்திரம் தீர்ப்புச் சொல்கிறது. வாயால் சொன்னால் பொருள் தெளிவாகும் என்ற அந்தத் தீர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்பது, திரையில் ஓசையில்லாமல் தோன்றும் முகவரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு நன்றாக விளங்கிற்று. இதே மயக்கத்தை வேண்டுமென்றே செய்து, பிரிமொழிச் சிலேடை என்று அதை ஓர் அணியாகவே கொண்டாடிய புலவர்களும் நம்மிடம் இருந்தார்கள். அது வேறு கதை.

அச்சு வந்த பிறகு, நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்தில் பழக்கிய பெருமை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு உரியது. சங்க நூல்களைச் சந்தி பிரித்து, சாமானியனும் படிக்கும்படி மலிவு விலையில் மர்ரே எஸ். ராஜம் அச்சிட்டது 1950-களில். அந்தப் பதிப்புகளைக் கையில் எடுத்த பிறகுதான் பழம்பாட்டைக் கண்டு அஞ்சாமல் இருக்கக் கற்றவர்கள் எத்தனையோ பேர். சந்தி பிரித்தல் பாவம் என்று அன்றைக்கும் சில பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு அது தேவையாக இருக்கவில்லை. அவர்கள் காதால் அறிந்தவர்கள்.

இணைய முகவரியோடு இந்த நோய் நின்றுவிடவில்லை. 2007-இல் கிறிஸ் மெசினா என்பவர், ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை ஒன்றுசேர்க்க, சொல்லின் முன்னால் ஒரு சதுரக் கட்டக் குறியைப் போடலாம் என்று யோசனை சொன்னார். அதுதான் ஹேஷ்டேக். அதிலும் இடைவெளி கூடாது. 2012 நவம்பரில் சூசன் பாயில் என்னும் ஸ்காட்லாந்துப் பாடகியின் புதிய இசைத்தட்டு வெளியீட்டுக்காக, சூசன், ஆல்பம், பார்ட்டி என்ற மூன்று சாதுவான சொற்களைச் சேர்த்து ஒரு ஹேஷ்டேக் செய்தார்கள். சேர்த்துப் பார்த்த உலகம் அதன் நடுவில் மனித சரீரத்தின் பின்புறத்தைப் பற்றிய இரண்டு சொற்களைக் கண்டுபிடித்துவிட்டது. பாடகியோ பரம சாது. கேலி ஊரெல்லாம் பரவிற்று. அடுத்த வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலமானபோது, 'இப்போது தாட்சர் இறந்துவிட்டார்' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. அதை 'நௌ தட் ஷேர்ஸ் டெட்' என்று வெட்டிப் படித்த அமெரிக்க ரசிகர்கள், தங்கள் அபிமானப் பாடகி ஷேர் மாண்டுபோனதாக நினைத்துக் கதறினார்கள். தாட்சர் பெயருக்குள் ஷேர் இருந்தது அதுவரை யாருக்குத் தெரியும்? உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் செய்தி எழுதவைத்தது, விடாமற்போன ஓர் இடைவெளி.

ஹேஷ்டேக்கில் ஒரு சௌகரியம் உண்டு. பெரிய எழுத்தைப் போட்டால் அது அப்படியே நிற்கும். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரியதாக எழுதுவது இப்போது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. பார்வையற்றவர்களுக்கு எழுத்தைப் படித்துக் காட்டும் கருவிகளும் அதைக் கொண்டே சொற்களைச் சரியாகப் பிரித்து உச்சரிக்கின்றன.

மனிதன் தப்பாகப் படித்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறான். இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாது, தண்டிக்கத்தான் தெரியும். 1996-இல், இங்கிலாந்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஸ்கன்தார்ப் என்னும் ஊர்க்காரர்கள், ஏ.ஓ.எல். நிறுவனத்தின் சேவையில் கணக்குத் தொடங்க முயன்றபோது, அவர்கள் ஊரின் பெயரையே இயந்திரம் ஏற்க மறுத்தது. அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்திலிருந்து ஐந்தாம் எழுத்து வரையில் ஓர் ஆபாசச் சொல் அமைந்திருப்பதே காரணம். நிறுவனத்தார் தங்கள் இயந்திரத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஊரைத் திருத்தினார்கள். ஸ்கான்தார்ப் என்று ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். ஆபாசத்தைத் தேடிச் சொற்களுக்குள் புகுந்து நல்ல பெயரைப் பிடித்துத் தள்ளும் இந்தக் குறைக்கு, கணிப்பொறித் துறையில் இன்றைக்கும் அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஜப்பானியக் காளான் விற்க விரும்பிய ஒருவர், அதன் பெயரில் இரண்டு 'ஐ' போடவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் போட்டு முகவரி கேட்டார். முதல் நான்கு எழுத்தும் சேர்ந்து மலத்தைக் குறிக்கும் சொல்லாக இருப்பதைக் கண்ட இயந்திரம், பதிவை மறுத்துவிட்டது. சொல் எங்கே முடிகிறது என்று தெரியாத விஷயத்தில், அசட்டு மனிதனும் அதிபுத்திசாலி இயந்திரமும் சமமாகவே இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் இரட்டைச் சங்கடம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் முகவரியாக எழுதும்போது, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து. லகர ளகர ழகரங்கள் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. கே, ஏ, எல், ஏ, ஐ என்ற ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு கலை என்றும் படிக்கலாம், களை என்றும் படிக்கலாம். கழை, காலை, காளை என்றும் படிக்கத் தடையில்லை. கலைக்கூடம் என்று ஆசையோடு பெயர் வைத்தவர், களைக்கூடத்துக்கு வழி கேட்டு வருபவர்களையும் வரவேற்கத் தயாராக இருக்கவேண்டும். சொல்லுக்குள்ளேயே இத்தனை மயக்கம் என்றால், இரண்டு சொல்லைச் சேர்த்தால் வரும் மயக்கத்தைக் கணக்கிட என்னால் ஆகாது.

தமிழ் எழுத்திலேயே முகவரி எழுதும் வசதியும் வந்திருக்கிறது. பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றி இயந்திரத்துக்குத் தரும் பியூனிகோடு என்னும் முறை 2003-இல் வெளியாயிற்று. 2010, 2011-ஆம் வருஷங்களில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கும் இடம் ஏற்பட்டது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் அந்த உபாயம் நமக்கு உதவாது. ஆனால் நம் எழுத்தில் வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. அளபெடையை ஒதுக்கிவிட்டால் உயிரெழுத்து சொல்லின் நடுவே தனித்து வருவதில்லை. ஆகவே மலர்அங்காடி என்று சேர்த்து எழுதினாலும், அகரம் நிமிர்ந்து நின்று 'இங்கே புதுச்சொல் தொடங்குகிறது' என்று காட்டிக்கொடுத்துவிடும். இலக்கணப் பற்று மேலிட்டு அதை மலரங்காடி என்று புணர்த்தினால் அந்தக் காவற்காரனும் போய்விடுவான். முகவரியில் மட்டும் சந்தி சேர்க்காதிருப்பதே உசிதம் என்று, சந்தியை விடாப்பிடியாகப் பற்றிவந்த நானே சொல்கிறேன்.

கடைக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ இணைய முகவரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பெயரை இடைவெளியில்லாமல், எல்லாம் சிறிய எழுத்தாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் படித்துக் காட்டிவிடாதீர்கள். அவன் சிரித்தானானால் காரணம் கேட்கவேண்டாம். வேறு பெயர் தேடுங்கள்.